கண்ணில்லாமல் நிற்கும் பட்டை: ஜிக்சா வைத்துச் செய்து பார்த்தது

மூன்று வாரமாகச் சாயங்காலம் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு எனக்கு ஒரே வேலைதான். 30 செ.மீ. நீள அலுமினியப் பட்டை ஒன்றை, அடியில் ஒரு சின்ன பேரிங்கில் மட்டும் மாட்டி, தலைகீழாக நிற்க வைப்பது. மேலே பிடிப்பு கிடையாது, பக்கத்தில் முட்டு கிடையாது, சென்சார் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. அடியை மேலும் கீழுமாக வேகமாக ஆட்டுவது மட்டும்தான். போன வியாழக்கிழமை ராத்திரி எட்டேகால் மணிக்கு அது நின்றது. எப்படி நின்றது, அதற்கு முன்னால் எதனாலெல்லாம் விழுந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வேறு யாராவது செய்ய நினைத்தால் என் மூன்று வாரம் அவர்களுக்கு மூன்று நாளில் முடியும்.

எங்கள் பட்டறை கோயமுத்தூரில் கணபதிப் பக்கம். பம்புக்கான ஷாஃப்ட், இம்பெல்லர், கப்ளிங் என்று லேத் வேலைதான் பிழைப்பு. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அதிர்வு என்றால் எதிரி. இம்பெல்லர் ஒரு பக்கம் கனத்தால் பேரிங் போய்விடும், அலைன்மென்ட் கொஞ்சம் தள்ளினால் கப்ளிங் ரப்பர் பொடியாகிவிடும். அப்பா சோமனூரில் தறி ஓட்டியவர். ஓடுகிற தறி மேல் ஸ்பானரை வைத்துவிட்டுத் திரும்பினால் அது நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்து கிடக்கும், அதற்காகச் சின்ன வயதில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். நிற்பதை ஆட்டினால் விழும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விழுவதை ஆட்டினால் நிற்கும் என்று அக்கா மகள் சொன்னபோது நம்ப முடியவில்லை.

அவள் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். கல்லூரிச் செய்முறைக்குத் தலைகீழ் ஊசல் வேண்டும் என்று வந்தாள். பழைய பிரிண்டரின் தண்டு, அதில் ஓடும் ஒரு வண்டி, வண்டி மேல் குச்சி, குச்சி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர், பார்த்ததை வைத்து வண்டியை நகர்த்த ஆர்டுயினோ என்கிற சின்ன கணினிப் பலகை. உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்துகிற மாதிரிதான், கண் பார்க்கிறது, கை ஓடுகிறது. பின்னூட்டம் என்று பாடப் புத்தகத்தில் இருப்பது இதுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதோடு போனது. ஆறேழு விநாடி நிற்கும், அப்புறம் வண்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தவித்து முனையில் முட்டி விழும். கியரில் இருந்த லூஸ்தான் காரணம். சாய்வைப் பார்த்து, கணக்குப் போட்டு, மோட்டார் திரும்பி, கியர்ப் பல்லின் இடைவெளி அடைந்து வண்டி நகர்வதற்குள் குச்சி வேறு இடத்துக்குப் போயிருக்கும். நல்ல மோட்டாரும் பெல்ட்டும் போட்டால் சரியாகிவிடும், நிறைய மாணவர்கள் அழகாகச் செய்கிறார்கள். ஆனால் அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே அவள் சொன்ன ஒரு விஷயம் என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

“மாமா, பார்க்காமயே நிறுத்தலாமுங்க. அடியை மட்டும் வேகமா ஆட்டோணும்.”

“ஏன் அம்மிணி, ஆட்டுனா உழுகாதா?”

“மெதுவா ஆட்டுனா உழுகுமுங்க. ஒரு வேகத்தைத் தாண்டிட்டா நின்னுக்கும்.”

இது புது விஷயம் இல்லை. 1908-லேயே ஆண்ட்ரூ ஸ்டீபன்சன் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். 1951-ல் ரஷ்ய இயற்பியலாளர் பியோத்ர் கபிட்சா இது ஏன் நடக்கிறது என்பதைத் தெளிவாக விளக்கி, செய்தும் காட்டினார். அதனால் கபிட்சா ஊசல் என்ற பெயர்தான் நின்றுவிட்டது. அவருக்கு 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது கடுங்குளிர் இயற்பியலில் செய்த வேலைக்காக, இதற்காக இல்லை.

ஏன் நிற்கிறது என்று புரியாமல் எனக்கு வேலையில் கை ஓடாது. அவள் நோட்டில் சமன்பாடு எழுதினாள், நான் சாக்பீஸால் தரையில் படம் போட்டேன், ஒரு மணி நேரத்தில் பிடிபட்டது. பட்டை வலது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி மேலே போகும்போது, தலைக்கு உடனே கூட வர மனசில்லை, அதனால் பட்டை இன்னும் கொஞ்சம் சாய்கிறது. அடி கீழே வரும்போது கொஞ்சம் நிமிர்கிறது. இப்போது கவனியுங்கள். அடி உச்சிக்குப் போய்த் திரும்புகிற அந்தக் கணத்தில் மெஷின் பட்டையின் அடியைக் கீழே வெட்டி இழுக்கிறது. சாய்ந்த பட்டையின் அடியைக் கீழே இழுத்தால் பட்டை நிமிரும். அடி ஆழத்துக்குப் போய்த் திரும்பும்போது மெஷின் மேலே குத்துகிறது, அப்போது பட்டை சாயும். இரண்டு இழுப்பும் சம பலம்தான். ஆனால் நிமிர்த்துகிற இழுப்பு வரும்போது பட்டை கூடுதலாகச் சாய்ந்திருக்கிறது, அதனால் நெம்பு நீளம் அதிகம். சாய்க்கிற குத்து வரும்போது பட்டை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது, நெம்பு நீளம் குறைவு. ஒவ்வொரு ஆட்டத்திலும் நிமிர்த்துகிற பக்கம் மயிரிழை ஜெயிக்கிறது. விநாடிக்கு நாற்பது ஐம்பது தடவை அந்த மயிரிழை சேர்ந்தால், புவியீர்ப்பு தோற்கிறது.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதற்கும் நோட்டில் இருந்த கணக்கைப் பட்டறைப் பேச்சில் சொல்லிவிடலாம். ஊசலின் நீளம் எவ்வளவோ அந்த உயரத்திலிருந்து ஒரு கல்லைப் போட்டால் தரையைத் தொடும்போது என்ன வேகம் இருக்குமோ, அடி ஆடுகிற உச்ச வேகம் அதைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான். பட்டையின் எடை கணக்கிலேயே வராது. நீளம் என்பது மட்டும் பட்டையின் முழு நீளம் இல்லை, ஒரே சீரான பட்டையாக இருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு. என் பட்டை 30 செ.மீ., துளையை ஓரத்திலிருந்து 8 மி.மீ. தள்ளிப் போட்டிருப்பதால் கணக்கு நீளம் 19.5 செ.மீ. வருகிறது. அந்த உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகம் விநாடிக்கு 1.96 மீட்டர்.

மேலும் கீழும் ஆட்ட எது இருக்கிறது என்று யோசித்தபோது ஒலிபெருக்கி, கிராங்க் வைத்த மோட்டார் என்று என்னென்னவோ தோன்றியது. கடைசியில் மரவேலைக்கு வைத்திருந்த ஜிக்சா மெஷின் பரணில் கண்ணில் பட்டது. அதன் வேலையே மேலும் கீழும் ஆட்டுவதுதானே. வெர்னியர் வைத்து அளந்தேன், பிளேடு மொத்தம் 18 மி.மீ. ஓடுகிறது, அதாவது நடுவிலிருந்து 9 மி.மீ. பெயர்ப்பலகையில் நிமிஷத்துக்கு 3000 வெட்டு என்று போட்டிருந்தது. கல்லின் வேகத்தைத் தாண்ட நிமிஷத்துக்கு 2070 போதும் என்று கணக்கு சொன்னது. கையில் தாராளமாக இருக்கிறது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

பிளேடில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் முதல் இரண்டு நாள் அங்கேதான் போனது. மரம் வெட்டுகிற பிளேடை எடுத்து, பல்லை கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு, 45 மி.மீ. அளவுக்கு வெட்டினேன். நுனியில் 3 மி.மீ. துளை வேண்டும். பிளேடு கெட்டி இரும்பு, இரண்டு டிரில் பிட் முனை மழுங்கிப்போனது. அப்புறம்தான் நிதானமாக, மெஷினுக்குள் போகும் காது பக்கத்தை ஈரத்துணியால் சுற்றிவிட்டு, நுனியை மட்டும் கேஸ் டார்ச்சில் செக்கச்செவேல் என்று காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஆற விட்டேன். தண்ணீரில் போட்டுவிடக் கூடாது, மறுபடி கெட்டியாகிவிடும். ராத்திரி முழுக்க ஆறினதும் மறுநாள் வெண்ணெய் மாதிரித் துளை விழுந்தது. காதுப் பக்கம் கெட்டியாகவே இருக்க வேண்டும், அதனால்தான் ஈரத்துணி.

பட்டை 16 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம், எடை போட்டால் 39 கிராம். முதலில் பித்தளை புஷ் போட்டேன், பத்து நிமிஷத்தில் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்து கடகடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் விசையைக் கணக்குப் போடாததுதான் தப்பு. 9 மி.மீ. வீச்சில் விநாடிக்கு 50 தடவை ஆடினால் முனைகளில் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 90 மடங்கு. 39 கிராம் பட்டை அந்த இடத்தில் மூன்றரைக் கிலோவாக இழுக்கிறது, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, விநாடிக்கு நூறு தடவை. பித்தளை என்ன செய்யும் பாவம். 623 பேரிங் வாங்கினேன், உள்துளை 3 மி.மீ., வெளி விட்டம் 10 மி.மீ., அதைப் பட்டையில் இறுக்கமாக அழுத்தி, பேரிங் பசையும் விட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை சத்தம் இல்லை.

மெஷினைப் பிடிப்பதும் ஒரு வேலைதான். பிளேடு வானம் பார்க்க வேண்டும், அதனால் ஜிக்சாவைக் கவிழ்த்து, அதன் அடித்தட்டை 12 மி.மீ. பிளைவுட்டில் போல்ட் போட்டு, பிளைவுட்டை வார்ப்பிரும்பு ஆங்கிள் பிளேட்டில் கட்டினேன். பெஞ்ச் வைஸில் பிடித்துப் பார்த்தேன், பிளாஸ்டிக் உடம்பு நசுங்குகிறது, மேஜையும் சேர்ந்து ஆடுகிறது. மெஷினைத் தாங்குகிற மேஜை ஆடினால் வீச்சு குறைந்துபோகும். கனமான இரும்பு கிடைத்தால் அதிலேயே கட்டுங்கள்.

முதல் ஓட்டத்தில் ஒரு விபத்து. பேரிங்கில் மாட்டிய 3 மி.மீ. போல்ட்டுக்குச் சாதா நட் போட்டிருந்தேன். முக்கால் நிமிஷம் ஓடியிருக்கும், நட் கழன்று, பட்டை பறந்து போய்க் கூரைத் தகரத்தில் அடித்து விழுந்தது. அக்கா மகள் அப்போது இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அன்றைக்கு வேலையை அத்தோடு நிறுத்திவிட்டேன். மறுநாள் நைலான் வளையம் வைத்த லாக் நட், சுற்றிலும் அக்ரிலிக் தடுப்பு, இரண்டு பேருக்கும் கண்ணாடி, காதடைப்பு. இதைச் செய்கிற யாரும் இந்த நான்கும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள், இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தடுப்பெல்லாம் போட்டு மறுபடி ஓட்டினோம். பட்டையை நேராகக் கையில் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டி, விரலை எடுத்தால், இடது பக்கமாகச் சாய்ந்து ஒரு நொடி தயங்கிவிட்டு விழுகிறது. எப்போதும் இடது பக்கமே. பட்டை வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவள்தான் போனில் ஸ்லோமோஷன் எடுத்து ஓட்டிக் காட்டினாள். பிளேடின் நுனி நேர்கோட்டில் போகவில்லை, நீள்வட்டமாகச் சுற்றுகிறது! ஜிக்சாவின் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும், மரத்தை வேகமாக வெட்ட பிளேடை முன்னும் பின்னுமாகவும் தள்ளுகிற அமைப்பு, அது இரண்டில் இருந்தது. பூஜ்யத்துக்குத் திருப்பினேன். பிளேடு நேராக ஓட ஆரம்பித்தது, இடது பக்கச் சாய்வும் போய்விட்டது.

ஆனாலும் நிற்கவில்லை. டயல் நான்கில் இருக்கிறது, போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டயலை நம்பாமல் அளந்து பார்த்தால் என்ன என்று அவள் போனில் ஃபைஃபாக்ஸ் செயலியை எடுத்தாள். ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது, போனில் இருக்கிற மைக்கையே அலைவெண் பார்க்கும் கருவியாக்கிவிடும். சத்தத்தைக் கேட்க வைத்துப் பார்த்தால் விநாடிக்கு 27 ஆட்டம்தான், நிமிஷத்துக்கு 1620. பட்டையை மாட்டியதும் சுமையில் வேகம் அவ்வளவு இறங்கிவிடுகிறது. டயலைக் கடைசிவரை திருப்பினோம். 47.5 வந்தது, நிமிஷத்துக்கு 2850.

பட்டறையில் இன்னும் பழைய சோக் வைத்த ட்யூப்லைட்தான். அது விநாடிக்கு நூறு தடவை மின்னி மின்னி எரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தில் பிளேடு இரண்டு பிளேடாகத் தெரிந்தது, இரண்டும் நிதானமாக மேலும் கீழும் மிதந்துகொண்டிருந்தன. மெஷின் சரியாக 50-ல் ஓடினால் இரண்டும் அப்படியே உறைந்து நிற்கும். 47.5 என்பதால் விநாடிக்கு இரண்டரை தடவை மெல்ல அசைகிறது. செயலி காட்டிய எண்ணை ட்யூப்லைட்டும் ஒத்துக்கொண்டது என்று எனக்கு அதில் ஒரு சந்தோஷம். சுற்றுகிற லேத்தை ட்யூப்லைட்டில் பார்த்து நிற்கிறது என்று கை வைத்துவிடாதே என்று தொழில் பழகும்போது சொல்லிக் கொடுத்தது இதே விஷயம்தான்.

அப்புறம் விரலை எடுத்தேன்.

நின்றது. கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், மெதுவாக ஊசலாடி நடுவில் வந்து நின்றது. பட்டையின் விளிம்பு கூர்மையாகத் தெரியவில்லை, மேலும் கீழும் இரண்டு செ.மீ.க்குப் புகை மாதிரி மங்கி, ஆனால் மொத்தத்தில் செங்குத்தாக நின்றது. சின்ன மூங்கில் குச்சியால் மேல் முனையைத் தள்ளினால், ஸ்பிரிங்கைத் தள்ளுவது போல எதிர்த்துத் தள்ளுகிறது. விட்டால் திரும்பி வருகிறது. அக்கா மகள் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை, மெஷின் சத்தம் மட்டும்தான். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி நின்றிருக்கும், திடீரென்று சோர்ந்து விழுந்தது.

அதற்கான காரணம் அன்றைக்குப் புரியவில்லை. மறுநாள் மறுபடி நிறுத்தினோம், நன்றாக நின்றது, பக்கத்துப் பட்டறையில் நீல வெளிச்சம் பளிச்சென்றது, பட்டை விழுந்தது. மறுபடி நிறுத்தினோம், பளிச், விழுந்தது. இரண்டு பட்டறைக்கும் ஒரே லைன். பக்கத்துப் பட்டறைக்காரர் வெல்டிங் ஆர்க் அடிக்கும்போதெல்லாம் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்குகிறது. ஜிக்சாவில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், வோல்டேஜ் இறங்கினால் வேகம் இறங்கும், எல்லைக்குக் கீழே போனால் பட்டைக்கு ஆதாரம் போய்விடும். நான் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்ததில் நிமிஷத்துக்கு 2200-க்கு மேல்தான் நம்பி விடலாம் என்று தெரிந்தது. கணக்கு சொன்னது 2070, அது எல்லைக்கோடு. அந்த இடத்தில் நிமிர்த்துகிற பலம் அநேகமாகப் பூஜ்யம், ஒரு காற்று அடித்தால் போதும்.

நின்ற பிறகு அளந்தவற்றில் மூன்று விஷயம் சொல்கிறேன். மெதுவாக ஊசலாடுவது எத்தனை விநாடிக்கு ஒன்று என்று பார்த்தோம். ஐந்து ஆட்டத்துக்கு 4.9 விநாடி, அதாவது ஒன்றுக்கு 0.98. கணக்கு 0.94 சொன்னது. பெரிய வீச்சில் ஆடும்போது கொஞ்சம் நேரம் கூடும் என்பதால் எனக்கு இது திருப்தி. அடுத்தது, எவ்வளவு சாய்த்தால் திரும்பி வரும். கணக்குப்படி 58 டிகிரி, நாங்கள் பார்த்ததில் 50 வரை வந்தது, அதற்கு மேல் போனது வரவில்லை. மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. மெஷினையே 10 டிகிரி சாய்த்துக் கட்டி ஓட்டினோம். பட்டை செங்குத்தாகவும் நிற்கவில்லை, மெஷின் காட்டுகிற 10 டிகிரியிலும் நிற்கவில்லை, 21-22 டிகிரியில் சாய்ந்து, அங்கேயே உறுதியாக நின்றது. ஆட்டம் தன் பக்கம் இழுக்கிறது, புவியீர்ப்பு இன்னும் கொஞ்சம் சாய்க்கிறது, இரண்டும் பேசி முடித்த இடம் அது. மெஷினைப் படுக்கப் போட்டு ஓட்டினால் இன்னும் வேடிக்கை. பட்டை கீழே தொங்க வேண்டும் அல்லவா, தொங்கவில்லை. கிடைமட்டத்துக்குச் சுமார் 32 டிகிரி கீழே, அந்தரத்தில் கை நீட்டின மாதிரி நிற்கிறது. இதையெல்லாம் அவள் முன்கூட்டியே கணக்கில் எழுதி வைத்திருந்தாள். ஆட்டுகிற திசையில் ஒரு கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருக்கிறது, பட்டை அதில் உட்காருகிறது என்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காகப் புரிகிறது.

அந்தப் பள்ளத்தில்தான் குவாண்டம், அதாவது அணு அளவில் நடக்கிற இயற்பியல், வருகிறது. அவள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டாள் என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் அது. மின்னூட்டம் உள்ள ஓர் அணுவை, அதாவது அயனியை, வெற்றிடத்தில் தொடாமல் பிடித்து வைக்க வேண்டும். மாறாத மின்புலத்தால் அதை எல்லாத் திசையிலும் பிடிக்கவே முடியாது என்று 1842-லேயே சாமுவேல் எர்ன்ஷா நிரூபித்துவிட்டார். புலத்தின் வடிவம் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிடும், இரண்டு பக்கம் மேலே வளைந்தால் மற்ற இரண்டு பக்கம் கீழே வளையும், நடுவில் வைத்தது கீழ்ப் பக்கமாக உருண்டுவிடும். 1950-களில் பான் நகரத்தில் வொல்ஃப்காங் பவுல் செய்தது என்னவென்றால், அந்த அப்பளத்தின் மேடு பள்ளத்தை வேகமாக மாற்றி மாற்றி ஆட்டியதுதான். உருள ஆரம்பிப்பதற்குள் பள்ளம் மேடாகிவிடும். கூட்டிக் கழித்தால் நடுவில் ஒரு பள்ளம் மிஞ்சும். எங்கள் பட்டையை நிறுத்தியதும் இதே கணக்குதான், எழுத்து மட்டும் வேறு. அவருக்கு 1989-ல் நோபல் கிடைத்தது.

பவுல் செய்த இந்த அயனிப் பொறியில் மின்புலம் விநாடிக்குச் சில கோடி தடவை ஆடுகிறது, அயனி அந்தப் பள்ளத்தில் பத்து லட்சம் தடவை என்கிற அளவில் மெதுவாக ஊசலாடுகிறது. எங்கள் பட்டைக்கு 47 வேக ஆட்டத்துக்கு ஒரு மெதுவான ஊசலாட்டம். புகை மாதிரி மங்கித் தெரிந்த அந்த நடுக்கம் அயனிக்கும் உண்டு, அதற்கு நுண்ணசைவு என்று அவள் தமிழில் பெயர் வைத்திருக்கிறாள். வித்தியாசம் எங்கே என்றால், எங்கள் பட்டை எந்த அளவு வேண்டுமானாலும் ஊசலாடலாம், அயனியின் மெதுவான ஊசலாட்டம் அப்படி இல்லை. அது ஏணிப்படி மாதிரி, ஒரு படி, அடுத்த படி, நடுவில் நிற்க இடம் கிடையாது. லேசரால் குளிர்வித்து அதை ஒவ்வொரு படியாக இறக்கலாம். 1989-ல் அமெரிக்காவில் போல்டர் ஆய்வகத்தில் டேவிட் வைன்லேண்டின் குழு ஒற்றைப் பாதரச அயனியை அநேகமாகக் கடைசிப் படியிலேயே உட்கார வைத்துவிட்டது. வரிசையாக நிற்கும் அயனிகள் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தையே செய்தி கடத்துகிற கயிறாக வைத்துக் கணினி செய்யலாம் என்று 1995-ல் சிராக், சோலர் என்ற இருவர் சொன்னார்கள். இன்றைக்கு அயனி வைத்து ஓடுகிற குவாண்டம் கணினிகளின் அடியில் இருப்பது இந்தப் பிடிதான்.

முதலில் பிரிண்டர் தண்டில் செய்ததையும் ஜிக்சாவில் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது முழுசாக உறைத்தது. அங்கே நிறுத்த வேண்டுமானால் பார்க்க வேண்டும். குச்சியைப் பார்ப்பதால் குச்சிக்கு ஒன்றும் ஆகாது. அயனி இருக்கிற அளவில் பார்ப்பது என்பதே ஒரு தட்டுத் தட்டுவது, அது இருந்த நிலை மாறிவிடும். மெல்லப் பார்த்துப் பின்னூட்டம் கொடுக்கவும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், 2011-ல் பாரிஸில் செர்ஜ் அரோஷின் குழு ஒரு பெட்டிக்குள் இருக்கும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையை அப்படி நிலைநிறுத்தியது. அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று இப்போது எனக்குப் புரிகிறது. பார்க்காமலேயே பிடித்துக்கொள்கிற ஒரு பிடி கிடைத்தால் அது எவ்வளவு பெரிய கொடை என்பதும் புரிகிறது. அரோஷும் வைன்லேண்டும் 2012-ல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அப்பளத்தையும் செய்து பார்த்துவிட வேண்டும் என்று, பவுண்டரிகளுக்குப் பேட்டர்ன் செய்கிற அண்ணன் ஒருவரிடம் போனேன். நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போனால் இரண்டு பக்கம் 2 செ.மீ. ஏறவும் இரண்டு பக்கம் 2 செ.மீ. இறங்கவும் வேண்டும் என்று சொன்னதும், படம்கூடக் கேட்கவில்லை, தேக்குத் துண்டை எடுத்து ஒரே நாளில் செதுக்கிக் கொடுத்தார், கை வைத்துத் தடவினால் எங்கேயும் தட்டவில்லை. உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டாரில் மாட்டிச் சுற்றினேன். கணக்குப்படி நிமிஷத்துக்கு 60 சுற்றைத் தாண்ட வேண்டும், வைப்பர் மோட்டார் அதே எல்லையில் தடுமாறியது, புல்லி போட்டு வேகத்தைக் கூட்டிய பிறகு எஃகுக் குண்டு அரை நிமிஷம் வரை நடுவில் சுழன்று, மெல்ல மெல்ல அகன்று வெளியே போகிறது. பவுல் தன் நோபல் உரையில் காட்டியதும் இந்த மாதிரி சுற்றுகிற சேணம்தான். பார்க்க அழகு. ஆனால் பொறியில் புலம் சுற்றுவதில்லை, மேலும் கீழும் புரளுகிறது, அதனால் அயனிக்கு நெருங்கின சொந்தம் என் ஜிக்சாப் பட்டைதான் என்று நான் சொல்வேன்.

உயர்மின்னழுத்தத்தில் பொடியை அந்தரத்தில் நிறுத்திக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வோல்ட். வீட்டிலோ பட்டறையிலோ அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து இரண்டு பட்டையைக் கீல் போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்த வேண்டும். முடியும் என்று 1993-ல் டேவிட் அச்சிசன் என்ற கணிதவியலாளர் கணக்கில் காட்டியிருக்கிறார், எத்தனை பட்டையானாலும் முடியும், ஆட்டம் வேகமாகவும் வீச்சு சின்னதாகவும் இருந்தால் போதும் என்கிறார். நடுக் கீலுக்கு இன்னும் சின்ன பேரிங் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒற்றைப் பட்டை மட்டும் தினம் சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓடுகிறது, பேரிங் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்க்க. பக்கத்துப் பட்டறை அண்ணன் ஒரு நாள் சத்தம் கேட்டு வந்து பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து ஆர்க் அடிக்கும் முன்னால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுக்கிறார்.

“தம்பி, பட்டை நிக்குதா?”

நிற்கிறது என்று சொன்னால் எலக்ட்ரோடைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.